கொல்லாத வேலி



கோழி வளர்ப்பைப் பற்றி வானொலியில் எத்தனையோ பேச்சுகளைக் கேட்டிருப்பீர்கள். தீவனம், தடுப்பூசி, முட்டை விலை என்று அத்தொழிலின் பல கூறுகளையும் அறிந்தோர் விளக்கியிருப்பார்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், கோழி மேயும் இடத்தைச் சுற்றி நிற்கும் வேலி. அதிலும் மின்சாரம் செல்லும் வேலி. ‘இது விவசாயிகளுக்குரிய செய்தி, கல்லூரியில் படிக்கும் எங்களுக்கு எதற்கு?’ என்று சிலர் நினைக்கலாம். நீங்கள் பாடப் புத்தகத்திலே படிக்கும் மின்தேக்கியும் மின்மாற்றியும் ஒரு தோட்டத்து மூலையில் நின்று என்ன செய்கின்றன என்பதை இப்பேச்சிலே காணலாம். அவற்றைப் பிழையாகக் கையாண்டால் மனித உயிரே போகும் என்பதையும் காணலாம்.

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டுக்குச் செல்லும் சாலையில், ஆத்தூர் வட்டத்தில் உள்ளது செம்பட்டி. கிழக்கே சிறுமலை, மேற்கே பழனிமலைத் தொடரின் சரிவுகள். இடைப்பட்ட செம்மண் வெளியில் தென்னந்தோப்புகளும் கிணற்றுப் பாசனத் தோட்டங்களும் உள்ளன. அவற்றுள் ஒன்று என்னுடையது. அங்கே அரை ஏக்கர் நிலத்தை நாட்டுக் கோழிகள் மேய்வதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். சிறுவிடை, பெருவிடை என்று நம் மக்கள் பெயரிட்டு வளர்க்கும் கோழிகள் அவை. கூண்டில் அடைத்து வளர்க்கும் முட்டைக் கோழியைப் போன்றவை அல்ல. பகலெல்லாம் மண்ணைக் கிளறிப் புழுவும் கரையானும் பொறுக்கித் தின்று, மாலையில் தாமாகவே கூட்டுக்குத் திரும்பும்.

கிராமத்துக் குடும்பத்தில் நாட்டுக் கோழி பெரும்பாலும் பெண்களின் உடைமை. முட்டை விற்ற காசும் சேவல் விற்ற காசும் அவர்களுடைய சிறுவாட்டுப் பணமாகச் சேரும். பிள்ளைக்குப் புத்தகம் வாங்கவும், திடீரென்று வரும் மருத்துவச் செலவைச் சமாளிக்கவும் அந்தப் பணந்தான் கைகொடுக்கிறது. ஒரு கோழி பத்துப் பன்னிரண்டு முட்டைகளின்மீது 21 நாள் அசையாது அமர்ந்து குஞ்சு பொரிக்கிறது. அக்குஞ்சுகளைத் தாய்க்கோழி மாதக் கணக்கில் காத்து வளர்க்கிறது. அத்தனை நாள் உழைப்பும் ஒரே இரவில் அழிந்துபோவதைக் கண்டவர்களுக்குத்தான் வேலியின் அருமை தெரியும்.

பகைகள் யாவை? பகலில் கீரி வருகிறது. வரப்போரத்துப் பொந்திலிருந்து புறப்பட்டுத் தாழ்ந்து ஓடிவந்து, சிறு இடுக்கிலும் நுழைந்துவிடும். இரவில் மரநாய் வருகிறது. தென்னையும் புளியும் அதற்கு ஏணிகள். காட்டுப்பூனை புதரோரமாகப் பதுங்கி வரும். மலையடிவாரத்தில் நரியும் உண்டு. இவை எல்லாவற்றையும்விட, தெருநாய்க் கூட்டத்தால் விளையும் சேதம் பல ஊர்களில் மிகுதி. இவற்றிடம் ஒரு பொது இயல்பு காணலாம். அடைபட்ட கூட்டுக்குள் நுழைந்துவிட்டால், தின்னக்கூடியது ஒன்றாயினும் கொல்வது பலவாக இருக்கும். கோழிகள் ஓட வழியின்றிப் படபடக்கும்வரை வேட்டை விலங்கின் தாக்குதலும் ஓய்வதில்லை. ஆகவே பகையைக் கூட்டின் வாயிலில் தடுப்பதைக் காட்டிலும், மேய்ச்சல் நிலத்தின் எல்லையிலேயே தடுப்பது அறிவுடைமை.

நம் முன்னோர் முள்வேலி போட்டார்கள். கிளுவையும் கள்ளியும் நட்டு உயிர்வேலி வளர்த்தார்கள். இரவிலே கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து மூடினார்கள். இவையெல்லாம் இன்றும் பயனுடையவையே. ஆனால் முள்வேலியில் கீரிக்கு வழியுண்டு. கண்ணியும் நஞ்சும் வைப்பதோ தவறு. கீரியும் மரநாயும் காட்டுப்பூனையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. அவை வயல் எலியையும் பெருச்சாளியையும் தின்று நமக்கு உதவுபவையும்கூட. ஒரு கீரியைக் கொன்றால் அதன் இடத்துக்கு மற்றொரு கீரி வந்துசேரும். வந்த கீரியே ‘இந்த எல்லையைத் தொடலாகாது’ என்று கற்றுக்கொண்டால், அது பிழைத்திருக்கும், கோழியும் பிழைத்திருக்கும். மின்வேலியின் தத்துவம் இதுதான். விலங்குக்கு அதிர்ச்சி தந்து பாடம் புகட்டுவதே அதன் வேலை. உயிரை வாங்குவது அன்று.

நான் வேலி அமைக்க முற்பட்டபோது, பழகிய ஒருவர், “இதற்கு ஏன் இவ்வளவு செலவு? மோட்டார் அறையிலிருந்து ஒரு கம்பியை இழுத்து வேலியில் கட்டிவிட்டால் போதாதா?” என்று கேட்டார். கேள்வி எளிமையாக இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டின் பல தோட்டங்களில் உயிர்களைப் பறித்தது இந்த எளிமையான எண்ணந்தான். 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், தருமபுரி மாவட்டத்து மாரண்டஅள்ளிக்கு அருகே, பயிரைக் காக்கவென்று சட்டத்துக்குப் புறம்பாக மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. உடன் வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பி நின்றன. நாடு முழுவதும் பேசப்பட்ட செய்தி அது. யானை இறந்தால் செய்தி பரவுகிறது. பன்றிக்கு வைத்த கம்பியில், இரவில் தண்ணீர் பாய்ச்சச் சென்ற மனிதர் சிக்கி இறப்பது பல ஊர்களில் பலமுறை நேர்ந்திருக்கிறது. சில வேளைகளில் கம்பியைக் கட்டியவரின் உறவினரே அதற்கு இரையாகிறார். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே வேலி ஆளையே விழுங்கிவிடுகிறது.

அப்படியானால் முறையான மின்வேலி மட்டும் ஏன் கொல்வதில்லை? அதன் மின்னழுத்தம் குறைவோ? இல்லை. வீட்டு மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட்டு. கோழிப் பண்ணை மின்வேலியின் அழுத்தமோ 5,000 வோல்ட்டு, 8,000 வோல்ட்டு என்று இருக்கும். 230 கொல்கிறது, 8,000 கொல்லவில்லை. இந்தப் புதிரை விடுவித்தால் பொருள் முழுவதும் விளங்கிவிடும்.

உயிருக்கு ஏற்படும் கேட்டை அழுத்தம் ஒன்றே முடிவு செய்வதில்லை. எவ்வளவு ஆற்றல், எவ்வளவு நேரம் உடலில் பாய்கிறது என்பதே முடிவு செய்கிறது. ஈரமான உடலின் தடையை ஏறத்தாழ 1,000 ஓம் என்று கொள்வோம். 230 வோல்ட்டுக் கம்பியைத் தொட்டால் 0.23 ஆம்பியர் பாயும். அதில் பாதிக்கும் குறைவான மின்னோட்டமே இதயத் துடிப்பைக் குலைக்கப் போதும். ஒவ்வொரு விநாடியும் 50 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றல் உடலில் இறங்கும். அதுமட்டுமா? இடைவிடாத மாறுமின்னோட்டம் கைத் தசைகளை இறுக்கிவிடுவதால், பிடித்த கம்பியை விட நினைத்தாலும் கை விடாது.

மின்வேலியில் நடப்பது வேறு. அதன் இதயம் ‘எனர்ஜைசர்’ எனப்படும் மின்துடிப்புப் பெட்டி. அதற்குள்ளே ஒரு மின்தேக்கி இருக்கிறது. எடுத்துக்காட்டாக 10 மைக்ரோஃபாரடு கொள்திறனுள்ள மின்தேக்கியை 600 வோல்ட்டுக்கு ஏற்றினால் அதில் தங்கும் ஆற்றல் எவ்வளவு? கொள்திறனை அழுத்தத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்குங்கள், 1.8 ஜூல் கிடைக்கும். ஒரு கிலோ எடையை ஒரு சாணுக்கும் குறைந்த உயரம் தூக்க ஆகும் ஆற்றல் அது. அந்தச் சிறு ஆற்றலை மின்தேக்கி ஒரு மின்மாற்றி வழியாக ஒரே நொடிப்பில் கொட்டுகிறது. மின்மாற்றி அழுத்தத்தை ஆயிரக்கணக்கான வோல்ட்டுகளாக உயர்த்தி வேலிக்கு அனுப்புகிறது. ஒரு துடிப்பு நீடிப்பது விநாடியில் பத்தாயிரத்தில் சில பங்கு நேரமே. பின்னர் ஏறத்தாழ ஒரு விநாடி ஓய்வு. மறுபடியும் ஒரு துடிப்பு. தொட்ட விலங்கு துள்ளிப் பின்வாங்குவதற்கு அந்த ஓய்வு போதும். உயர்ந்த அழுத்தம் எதற்கென்றால், மயிரையும் காய்ந்த தோலையும் ஊடுருவிச் சுரீரென்று உறைப்பதற்கு. கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று கேட்பார்களே, அதைப்போன்று வலிக்குமேயன்றி உயிர்க்கேடு செய்யாத அடி இது.

இக்கருவி ஒரே நாளில் பிறந்ததன்று. கால்நடைகளை மேய்ச்சல் நிலத்திலேயே நிறுத்தி வளர்க்கும் நியூசிலாந்தில், 1930களில் பில் கல்லகர் என்பவர் மின்வேலிப் பெட்டிகளைச் செய்யத் தொடங்கினார். பழங்காலப் பெட்டிகளுக்கு ஒரு குறை இருந்தது. கம்பியில் புல் சாய்ந்தால் மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குக் கசிந்து வேலி செத்துவிடும். 1962இல் அந்நாட்டின் டக் பிலிப்சு என்ற ஆய்வாளர், மின்தேக்கியை ஒரே நொடிப்பில் வெறுமையாக்கும் முறையை வேலிக்குக் கொண்டுவந்தார். துடிப்பு குறுகியதாகவும் வலியதாகவும் ஆனதால், சிறிது புல் பட்டாலும் வேலி உயிரோடிருந்தது. இன்று நம் ஊர்க் கடைகளில் ‘சோலார் வேலி’ என்று விற்கும் பெட்டிகளும் அந்த வழியில் வந்தவையே. சூரியத் தகடு 12 வோல்ட்டு மின்கலத்தை ஊட்டுகிறது. மின்கலம் பெட்டியை இயக்குகிறது.

இனி, பெட்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? அரை ஏக்கர்ச் சதுரத்தின் சுற்றளவு 180 மீட்டர். மூன்று கம்பி ஓட்டினால் 540 மீட்டர். இந்த அளவுக்கு ஒரு ஜூல் வெளியிடும் பெட்டி தாராளம். பெட்டியின்மேல் ‘இத்தனை கிலோமீட்டர்’ என்று அச்சிட்டிருப்பதை நம்பி வாங்க வேண்டாம்; புல்லில்லாத, குறையில்லாத கம்பிக்குச் சொன்ன கணக்கு அது. தேக்கும் ஆற்றலைவிட வெளியிடும் ஆற்றலையே கேட்டறிய வேண்டும். பெட்டி ஐ.எஸ். 302, பகுதி 2, பிரிவு 76 என்னும் இந்தியத் தரத்துக்கு உட்பட்டதா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். துடிப்பின் ஆற்றலுக்கும் இடைவெளிக்கும் எல்லை கட்டுவது அத்தரமே. உள்ளூர்ப் பட்டறையில் ஒட்டுப்போட்டுச் செய்த பெட்டி விலையில் மலிவாக இருக்கலாம். அதன் துடிப்பை அளந்து சான்று கூறுபவர் யார்?

பெட்டியைவிட முக்கியமானது நிலத்தொடுப்பு. ‘எர்த்’ என்று நாம் சொல்வது. மின்கம்பியின்மேல் காக்கை அமர்ந்திருக்கிறது. அதற்கு ஒன்றும் நேர்வதில்லை. ஏன்? அதன் உடல் வழியாக மின்சாரம் மண்ணை அடையவில்லை. வேலியைத் தொட்ட கீரியின் உடல்வழி மின்சாரம் மண்ணில் இறங்கி, மண் வழியாகவே ஓடி, எர்த் கம்பியில் ஏறிப் பெட்டிக்குத் திரும்பினால்தான் சுற்று முழுமை பெறும். இங்கேதான் செம்பட்டிச் செம்மண் நம்மைச் சோதிக்கிறது. சித்திரை, வைகாசியில் மேல்மண் பொடியாகக் காய்ந்துவிடும். காய்ந்த மண் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆகவே துத்தநாகம் பூசிய மூன்று இரும்புக் கம்பிகளை, ஒன்றுக்கொன்று மூன்று மீட்டர் இடைவெளியில் ஆழமாக அடித்து ஒன்றாக இணைக்க வேண்டும். தொட்டித் தண்ணீர் வழியும் இடத்தின் அருகே அவற்றை அமைத்துக்கொண்டேன். கோடையில் வாரம் ஒருமுறை அங்கே இரண்டு குடம் நீர் ஊற்றுகிறேன். வீட்டு எர்த்திலிருந்தும் மோட்டார் எர்த்திலிருந்தும் இது குறைந்தது பத்து மீட்டர் தள்ளியிருக்க வேண்டும்.

அடுத்தது கம்பி. முதலில் ஒன்றரை மீட்டர் உயரத்துக்குக் கோழிவலையைக் கல்கால்களில் கட்டினேன். அடியில் ஓர் அடி ஆழத்துக்கு வலையை மண்ணில் புதைத்தேன். தோண்டி வரும் விலங்குக்கு அது தடை. வலைக்கு வெளியே ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் முதல் மின்கம்பியும் 25 சென்டிமீட்டரில் இரண்டாவதும் ஓடுகின்றன. கீரியும் பூனையும் எந்தப் புதுப்பொருளையும் முதலில் மூக்கால்தான் ஆராயும். ஈரமான மூக்கு கம்பியில் பட்டால் பாடம் உடனே பதியும். முதுகு மயிர் பட்டால் அவ்வளவு பதியாது. ஆகவே உயரத்தை விலங்கின் மூக்கைக் கண்டு முடிவு செய்ய வேண்டும். மூன்றாவது கம்பி வலையின் உச்சியில், வெளிப்பக்கம் நீட்டிய கைகளில் செல்கிறது. அது ஏறி வரும் மரநாய்க்கு. கம்பி கல்லையோ வலையையோ தொடாதவாறு எங்கும் மின்காப்புக் குமிழ்கள் வேண்டும். முள்கம்பியில் ஒருபோதும் மின்சாரம் பாய்ச்சலாகாது. சிக்கிய உடல் விடுபட முடியாமல் துடிப்புக்குமேல் துடிப்பை வாங்கிக்கொண்டிருக்கும்.

மேய்ச்சல் நிலத்தை அடிக்கடி மாற்றுவோர் மின்வலையை வாங்கலாம். நெகிழி இழையோடு மெல்லிய எஃகு இழை பின்னிய, சுருட்டி எடுத்துச் செல்லக்கூடிய வலை அது. ஆனால் இளங்குஞ்சுகள் அதன் கண்ணிகளில் நுழைந்து சிக்கக்கூடும்; குஞ்சுள்ள தாய்க்கோழியைத் தனியே அடைப்பது நல்லது.

வேலியைக் கட்டியதோடு வேலை முடிந்துவிடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் புல் ஒரு வாரத்தில் கம்பியைத் தொட்டுவிடும். புல்லை அறுக்க வேண்டும். மழைக்காலத்து இடியிலிருந்து பெட்டியைக் காக்க இடிதாங்கி அமைக்க வேண்டும். வேலியின் கடைக்கோடியில் சோதிப்பான் வைத்து அளந்தால் 4,000 வோல்ட்டாவது காட்ட வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு உள்ளது என்று பொருள்.

இவ்வளவு செய்தும் மின்வேலியால் ஆகாதவை உண்டு. பருந்தும் வல்லூறும் மேலிருந்து வருபவை. அவற்றுக்குப் புதரும் மரநிழலும் மேல்வலையுமே மருந்து. பாம்பு அடியில் ஊர்ந்து நுழையும்; முட்டையை மாலைக்குள் எடுத்துவிடுவதும் இரவில் கூட்டை அடைப்பதும்தான் வழி. மின்வேலி இருக்கிறதென்று பஞ்சாரத்தைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது.

இன்னொன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். ‘தொட்டால் பின்வாங்கும்’ என்ற கணக்கு எல்லா உயிர்க்கும் பொருந்தாது. தென்னாப்பிரிக்காவில் தாழ்ந்த மின்கம்பிகளில் ஆமைகளும் அலுங்குகளும் இறப்பதை அங்குள்ள ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதிர்ச்சி பட்டால் ஆமை ஓட்டுக்குள் ஒடுங்கி அங்கேயே கிடக்கும். அலுங்கு கம்பியைச் சுற்றிச் சுருண்டுகொள்ளும். துடிப்பு மீண்டும் மீண்டும் விழும். நம் நாட்டிலும் ஆமையும் அலுங்கும் உண்டு. கொல்லாத வேலி என்ற பெயரை அது தானாகப் பெற்றுவிடுவதில்லை. வைத்தவர் நாள்தோறும் அதனைச் சுற்றிவந்து பார்ப்பதால்தான் பெறுகிறது. விடியற்காலையில் சுற்றி வருவதை நான் வழக்கமாகக் கொண்டிருக்கிறேன்.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். தமிழ்நாடு அரசு 2023ஆம் ஆண்டில் மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளை வெளியிட்டது. காப்புக் காடுகளுக்கு அண்மையில் மின்வேலி அமைப்போர் வனத்துறையின் அனுமதி பெற வேண்டும். கன்னிவாடி, ஆத்தூர் மலையடிவாரத்துத் தோட்டக்காரர்கள் இதனை மனத்தில் கொள்ள வேண்டும். பாதையோரத்தில் எல்லோருக்கும் தெரியும்படி எச்சரிக்கைப் பலகைகள் தொங்க வேண்டும். படிக்கத் தெரியாத குழந்தைக்கும் விளங்கும் வகையில் அவற்றில் படம் இருக்க வேண்டும். முறையான வேலியேயாயினும் அதை விளையாட்டாகத் தொடலாகாது. இதய நோயாளிகள் விலகியே இருக்க வேண்டும். ஒரே வேலியில் இரண்டு பெட்டிகளை இணைக்கவே கூடாது; இரண்டின் துடிப்புகளும் கலந்தால் இடையேயுள்ள ஓய்வு போய்விடும்.

மாணவர்களே, அந்த ஒரு விநாடி ஓய்வை நினைவிற் கொள்ளுங்கள். நேரடியாக இழுத்த கம்பிக்கும் முறையான வேலிக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. தொட்ட உயிர் திரும்பிப் போவதற்கு விடப்பட்ட வழி அது. உங்கள் ஊரில் யாரேனும் மோட்டார் அறையிலிருந்து வேலிக்குக் கம்பி இழுத்திருந்தால், இரவில் அந்தப் பக்கம் தண்ணீர் பாய்ச்சப் போகும் ஒருவர் இருப்பார். கம்பி இழுத்தவருக்குத் தீய எண்ணம் இராது, கணக்குத் தெரியாது. கணக்குத் தெரிந்தவர்கள் நீங்கள். 230 வோல்ட்டு கொல்வதையும் 8,000 வோல்ட்டு கொல்லாதிருப்பதையும் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். வகுப்பறையில் கற்ற இயற்பியல் ஓர் உயிரைக் காக்க அதைவிட நல்ல வாய்ப்பு எளிதில் கிடைக்காது.